நீ பேசாம இரு, நான் பேசிக்கிறேன்

கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு எங்கள் அருப்புக்கோட்டையில் முதலில் வாங்குவது வாளி. புத்தகம் இல்லை, கணினி இல்லை, வாளி. செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். என் அத்தைமாருக்கு மட்டும் விடுதிக் குளியலறையில் வாளி இருக்கும் என்று நம்பிக்கை வரவில்லை. ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். அப்பா ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் 'தர்ஷிகா' என்று என் பெயரை எழுதி, அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக 'த/பெ. ராமலிங்கம்' என்று எழுதினார். வாளி திருட வருகிறவள் அந்தப் பெயரைப் பார்த்து நடுங்கிப்போய் வைத்துவிட்டு ஓடிவிடுவாள் என்று நினைப்பு.

வாளியோடு அறிவுரையும் வந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத சித்தப்பா, பொறியியல் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொன்னார். ஊரை விட்டு வெளியே போயிராத பெரிய அத்தை, வெளியூரில் யாரை நம்பக் கூடாது என்று சொன்னாள். கேட்டுத் தொலைத்தேன். இன்னும் கொஞ்ச நாள்தானே.

எனக்கு அந்தக் கல்லூரி வேண்டும். கடல்சார் பொறியியலுக்காக என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். கடலை நான் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில்தான். உண்மைக் காரணம், அங்கே விடுதியில் தங்கினால்தான் படிக்க முடியும், வீட்டிலிருந்து போய்வர அனுமதி கிடையாது. நான்கு வருஷம் அப்பாவின் குரல் கேட்காத இடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை. பத்திரப்பதிவெல்லாம் இயந்திரத்துக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதன் முன்னால் போய் நின்று, என் நிலம், இன்னாருக்கு விற்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இயந்திரத்திடம் வாயைத் திறக்கப் பயம். அதில்தான் அப்பாவின் பிழைப்பு ஓடுகிறது. கூடவே போவார். "நீங்க பேசாம இருங்க, நான் பேசிக்கிறேன்" என்பார். விற்கிறவனுக்கும் அவரே பேசுவார், வாங்குகிறவனுக்கும் அவரே பேசுவார். வெளியே வந்ததும் இருவரையும் பற்றி, "வாயில்லாத ஜென்மங்க. நான் இல்லைன்னா நிலத்தையே தொலைச்சிருப்பாய்ங்க" என்பார்.

அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எனக்கு வயிற்று வலி என்றால், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று டாக்டரிடம் அவர்தான் சொல்வார்.

கல்லூரி திறப்பதற்கு முன்னால் 'முன்வருகை' என்று ஒன்று உண்டு. அதற்காக மதுரையில் ஒரு மையத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் ஒருத்தி, கிளிப்பிள்ளையாய்ச் சொன்னதையே காலையிலிருந்து சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

"உங்க பொண்ணோட பேசி, அவங்க மாதிரியே யோசிக்கற ஒரு நகல் செய்வோம் சார்."

"நகலா? சான்றிட்ட நகலா, சாதா நகலா?" என்று கேட்டார் அப்பா. அவருக்குத் தெரிந்த நகல் அதுதான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற நகல் சார். முதல் வருஷம் சேர்ற எல்லாப் பிள்ளைங்களோட நகலையும் ஒரு மாதிரி விடுதியில விட்டு, ஒரு செமஸ்டர் ஓட்டிப் பாப்போம். அங்க ஆறு மாசம் போகும், இங்க ஒரு வாரம்கூட ஆகாது. யாரு யாரோட ஒத்துப்போவாங்க, யாரு மனசொடிஞ்சு போவாங்க, எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிரும். அதை வச்சுத்தான் ரூம் குடுப்போம். சில பேருக்கு ரூம் குடுக்காமயும் போகலாம். ரூம் இல்லைன்னா சீட்டும் இல்லை. முன்ன சில விடுதிகள்ல நடந்ததெல்லாம் நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க."

"அதெல்லாம் வளர்ப்பு சரியில்லாத பிள்ளைங்கம்மா" என்றார் அப்பா.

அம்மா, "ஏங்க, அங்கயாவது அவளை..." என்று ஆரம்பித்தாள். அம்மா எந்த வாக்கியத்தையும் முடித்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நான்தான் முடித்துவைப்பேன். "அங்கயாவது அவளைப் பேச விடுங்கன்னு சொல்ற, அதானம்மா?" என்றேன். அம்மா தலையை ஆட்டினாள்.

உள்ளே ஒரு நாற்காலி. சுவரிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கும், நாற்காலியிலிருந்து வருகிற பதிலை வைத்து நகல் உருவாகும். துணைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று விதி. அந்த விதியை எழுதியவனுக்கு எங்கள் ஊர்ப் பெற்றோரைத் தெரியாது.

"காலையில் என்ன சாப்பிடப் பிடிக்கும், தர்ஷிகா?"

"இட்லி" என்றார் அப்பா. எனக்கு இட்லியைக் கண்டாலே ஆகாது.

"உன் தோழி ஒரு தவறு செய்தால் என்ன செய்வாய்?"

"மூஞ்சிக்கு நேரா சொல்லிருவா. அப்பதான திருந்துவாய்ங்க."

"உனக்கு எப்போது அழுகை வரும்?"

"அவ அழமாட்டா. எம் பொண்ணு."

அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "மாணவி பேசட்டும் சார்" என்றாள். "கூச்சப்படுவாம்மா. அவ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? பதில் ஒண்ணுதான?" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வந்த எல்லா அப்பாக்களிடமும் சொல்லிப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அப்பா நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து, கடைசிக் கேள்வி வரைக்கும் எனக்காகப் பேசித் தீர்த்தார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைத் தடுப்பதைவிட விட்டத்தைப் பார்ப்பது எளிது. வெளியே வந்ததும், "நான் இல்லைன்னா திருதிருன்னு முழிச்சிருப்ப" என்றார்.

மூட்டை முடிச்செல்லாம் கட்டி, வாளிகளைத் திண்டுக்கல் பூட்டுப் போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருந்தபோது கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. என் நகல் விடுதியில் ஒத்துப்போகவில்லையாம். சீட்டை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். நேரில் வர வேண்டுமாம்.

ஒத்துப்போகவில்லை என்றால் இந்த வீடு. இந்த வாளிகள். மாமன் மகன்கள் பார்த்து வைத்திருக்கிற உள்ளூர்க் கல்லூரி. காலையில் அப்பாவின் ஸ்கூட்டரில் போய், மாலையில் அப்பாவின் ஸ்கூட்டரில் வருவது.

"எம் பொண்ணு ஒத்துப்போகலையா? அங்க இருக்கறவன்ல எவனுக்காவது ஒத்துப்போகத் தெரியுமான்னு கேக்கறேன்" என்று அப்பா வேட்டியை மாற்றினார்.

அப்பாவும் நானும் போய் இறங்கிய கல்லூரி வளாகம் திருச்சியைத் தாண்டிப் பொட்டல்வெளியில் இருந்தது. வாசலில் செடியை வெட்டி வெட்டிக் கப்பல் போல வளர்த்திருந்தார்கள். கடல் இல்லாத ஊரில் கடல்சார் பொறியியல் சொல்லித்தர அந்தச் செடிக்கப்பல் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. இருந்தாலும் எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கவில்லை.

முன்வருகைப் பிரிவு அதிகாரியின் பெயர் கிருபாகரன். இளவயது. நல்லவன் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவன்.

"உக்காருங்க சார், உக்காருங்கம்மா. உங்க நகல் படிப்புல நல்லா செஞ்சிருக்கு. அதுல ஒண்ணும் குறையில்ல. அறைத்தோழிதான் பிரச்சினை" என்று திரையைப் போட்டான்.

திரையில் நான் இருந்தேன். என் முகம், என் பின்னல், என் சுரிதார். பக்கத்துக் கட்டிலில் வெள்ளையாக ஓர் உருவம். அறைத்தோழியின் நகல் அது. யார் என்று தெரியக் கூடாது என்பதற்காக முகத்தையும் குரலையும் மறைத்திருந்தார்கள்.

விடுதிக் காப்பாளர் உள்ளே வந்து வெள்ளை உருவத்தைப் பார்த்து, சாப்பாடு எப்படியம்மா இருக்கிறது என்று கேட்டார். திரையில் இருந்த நான், "அவளுக்கு நம்ம ஊர்க் காரம் ஒத்துக்கலை மேடம். பழகிக்குவா" என்றேன். அடுத்த காட்சியில் பேராசிரியர் ஒருவர் வெள்ளை உருவத்திடம் கணக்கு கேட்டார். அது எழுந்து வாயெடுப்பதற்குள் பதில் என்னிடமிருந்து வந்தது. இன்னொரு காட்சியில் அதன் அலமாரியை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். "இப்படியா வைப்பாங்க? சொல்லித்தர ஆளில்ல போல உங்க வீட்டுல." பிறகு அதே வார்த்தை, அட்சரம் பிசகாமல்: "நீ பேசாம இரு, நான் பேசிக்கிறேன்."

"போகப்போக அந்தப் பொண்ணோட நகல் யார்கிட்டயும் பேசறதையே நிறுத்திருச்சு. கிளாஸ்ல, மெஸ்ல, வீட்டுக்குப் போன் வந்தாக்கூட. அப்புறம் செமஸ்டர் முடியறதுக்குள்ள பெட்டியைக் கட்டிட்டுப் போயிருச்சு. அடியில்ல, திட்டில்ல. ஆனா ஒரு ஆள் காலி" என்றான் கிருபாகரன்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. இத்தனை வருஷமாக நான் அனுபவித்ததை ஒரு கல்லூரியே படம்பிடித்துச் சாட்சியோடு கையில் தருகிறது.

"சார், இது நான் இல்ல. எங்கப்பா. மதுரையில எல்லாக் கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார். வேணும்னா பதிவைக் கேட்டுப் பாருங்க. நீங்க என் முகத்தை ஒட்டி எங்கப்பாவை லேடீஸ் ஹாஸ்டல்ல விட்டிருக்கீங்க."

கிருபாகரன் பதிவைப் போட்டான். "இட்லி" என்றது அப்பாவின் குரல். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன தப்பு? அந்தப் புள்ளைக்கு ஒத்தாசைதான பண்ணிருக்கு?" என்றார். ஊமைப் பிள்ளை ஒன்று அறையை விட்டு ஓடியிருக்கிறது, இவருக்கு அது ஒத்தாசை. என் வாழ்நாளில் அவர் அவ்வளவு கேவலப்பட்டு நான் பார்த்ததில்லை. பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சரிம்மா. தனியா ஒரு அமர்வு தர்றேன். அப்பா வெளிய கேன்டீன்ல இருக்கட்டும். நீங்க பேசறதை வச்சு அந்த ஒரு ரூமை மட்டும் திருப்பி ஓட்டுவோம், கொஞ்ச நேரம்தான் ஆகும். அது வேற மாதிரி நடந்துக்கிட்டா இன்னைக்கே ரூம்" என்றான் கிருபாகரன்.

அப்பா எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "இட்லின்னே சொல்லு. மாத்திச் சொன்னா சந்தேகப்படுவாய்ங்க" என்றார்.

என் முறை வரும்வரை கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். மெலிந்த கை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, மடியில் துணிப்பை. சான்றிதழ்களை அந்தப் பையில் சுருட்டிச் சொருகியிருந்தாள். யாராவது சான்றிதழைச் சுருட்டுவார்களா? எடுத்து நீவி, என் கோப்பில் இருந்த காலி உறையில் போட்டுக்கொடுத்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "பரவாயில்ல, வச்சுக்கோ" என்றேன்.

பெயர் லின்சி என்றாள். தங்கச்சிமடமாம். தனியாகப் பேருந்து ஏறி வந்திருக்கிறாள். அதைச் சொல்லவே அவளுக்கு அத்தனை நேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, சரிதானா என்று பார்த்துவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் போகிற ரகம். இப்படி இருந்தால் இந்த உலகத்தில் எப்படிப் பிழைப்பது?

கவுன்ட்டரில் இருந்தவர் கூப்பிட்டார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, நீ எதுக்கு வந்திருக்க?" என்றார்.

"சார், நான் வந்து... என் நகலு... பாதியில ஊருக்கு..." என்று லின்சி நின்றாள்.

பின்னால் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் பேனாவைத் தட்ட ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனேன்.

"லின்சி, தங்கச்சிமடம் சார். வீட்டு ஞாபகம் அதிகம். இங்க தங்க முடியாது, ஊர்ப்பக்கமே வேற காலேஜ் பாத்துத் தரச் சொல்லிக் கேக்கறாங்க. அதானப்பா?"

லின்சி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். அவர் எழுதிக்கொண்டார். வேலை முடிந்தது. நன்றிகூடச் சொல்லவில்லை அந்தப் பெண். பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டு, என்னை ஏறிட்டுப் பார்த்தபடியே இருந்தாள். நல்லதுக்குக் காலமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சுவரின் குரல் அதே கேள்விகளைக் கேட்டது. இந்தத் தடவை யாருமில்லை. பேசினேன் பாருங்கள், அப்படிப் பேசினேன். இட்லி பிடிக்காது என்றேன். அழுகை வரும், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன் என்றேன். வாளி வாங்கிய அத்தைமார்களைப் பற்றிச் சொன்னேன். எட்டாம் வகுப்புச் சித்தப்பா, வாக்கியம் முடிக்கத் தெரியாத அம்மா, விட்டுவைக்காமல் எல்லோரையும் சொன்னேன். அடுத்தவர்களுக்காக என்ன செய்வாய் என்று கேட்டபோது, "இப்பக்கூட வெளிய ஒரு பொண்ணு. அதுக்கு வாயே இல்ல. நான் இல்லைன்னா கவுன்ட்டர்ல திருதிருன்னு முழிச்சிருக்கும்" என்றேன். வெளியே வந்தபோது மனசு லேசாகிவிட்டது. முதல்முறையாக என்னைப் பற்றி நானே பேசியிருக்கிறேன்.

கிருபாகரன் புது நகலை ஓட்டி முடித்துத் திரையில் பார்த்தான்.

"இட்லி மாறியிருக்கு. அழுகை மாறியிருக்கு" என்றான்.

"அப்புறம்?"

"ரூம்ல நடக்கறது மாறல. அந்தப் பொண்ணு இந்தத் தடவையும் பேச்சை நிறுத்திருச்சு. போன தடவையைவிடச் சீக்கிரமா."

"உங்க மெஷின் தப்பு. அப்பா பேசினதுதான் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அதைச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் ஓட்டினோம்மா. பிடிக்கும் பிடிக்காதுங்கறதை வச்சு அது பெருசா எதையும் முடிவு பண்றதில்ல. மத்தவங்களப் பத்தி நீங்க எப்படிப் பேசறீங்கன்னுதான் பாக்கும். ரெண்டு அமர்வும் ஒரே ஆளோடதுன்னு சொல்லுது."

படித்துப் பட்டம் வாங்கி இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே திக்கென்றது.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றான். "அந்த அறைத்தோழிக்கும் நடந்ததெல்லாம் காட்டியாச்சு. அவங்களும் இன்னைக்குத்தான் வந்திருக்காங்க. தெரிஞ்சே உங்களோட தங்கறேன்னு சம்மதிச்சா, சீட் உண்டு. இப்பக் கவுன்ட்டர்ல கேக்கச் சொல்லியிருக்கேன். நீங்க அவங்ககிட்டப் போய்ப் பேசக் கூடாது. சும்மா உக்காந்திருங்க. அது மட்டும் போதும்."

கூடத்துக்கு வந்தேன். கவுன்ட்டரில் லின்சி நின்றிருந்தாள். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. வேறு யாராவது இருக்க வேண்டுமே என்று கூடம் முழுக்கத் தேடினேன். கேன்டீனில் பொறுமை தீர்ந்துபோன அப்பா மட்டும்தான் வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"உன் நகலோட ரூம்ல இருந்தவங்க, நிஜத்துலயும் உன்னோட தங்கலாமான்னு கேக்கறாங்கம்மா" என்று கவுன்ட்டர்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "நீதான் ஊருக்கே போறேன்னு சொல்லிட்டியே, அப்புறம் இதை எதுக்குக் கேக்கணும்?"

லின்சி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளிடம் யாரும் என் முகத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள். காட்ட வேண்டியிருக்கவும் இல்லை.

"அவங்க சொன்னத அடிச்சிருங்க சார்" என்றாள். நின்றாள். பேனாத் தட்டலுக்கு அவள் அவசரப்படவில்லை. "நான் ஊருக்குப் போறேன்னு சொல்லவே இல்ல. இங்கதான் படிக்கணும். நகலு பாதியில ஏன் போச்சுன்னு எழுதிக் கேட்டிருந்தீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். பாத்தேன் சார், எல்லாத்தையும். அந்த ரூம்ல அதுக்கு..."

வார்த்தை கிடைக்காமல் நின்றாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அது மட்டும் போதும். அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். கவுன்ட்டர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பயம்" என்றேன் நான்.

"பயம் சார்" என்றார் அப்பா, அதே நொடியில், வாசலிலிருந்து.

லின்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆத்திரப்படவில்லை. எங்கள் ஊரில் கடை கடையாய் ஏறி இறங்கி விற்கிறவனைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு கவுன்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பயமெல்லாம் இல்ல சார். சலிச்சுப்போச்சு" என்றாள். "எனக்கு வேற ரூம் குடுங்க."